ஓசாக்கா டிராக்டர் ஜவ்வாது மலை ஏறியது

வெளிநாட்டுப் பயணம் என்றால் விமானத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நான் பார்க்க ஆசைப்பட்ட வெளிநாடு ஓசாக்காவிலிருந்து தானே கிளம்பி, வெள்ளைக் கையுறையும் மடிப்புக் கலையாத சாம்பல் நிறச் சட்டையுமாக ராணிப்பேட்டையில் வந்து இறங்கியது. பெயர் ஹயாஷி. ஐம்பதைத் தாண்டியவர். சிறிய டிராக்டர்களுக்குப் படம் வரைவது அவர் தொழில்.

இது எண்பதுகளில் நடந்தது. ஹயாஷியின் கம்பெனி, மலை நாடுகளில் விற்பதற்கென்று ஒரு குட்டி டிராக்டரை வரைந்து வைத்திருந்தது. ஜப்பானில் செய்தால் கூலி கட்டுப்படியாகவில்லை. அதனால் வேறு நாட்டில் யாரிடமாவது கொடுத்துச் செய்து வாங்கி, தங்கள் பெயரை ஒட்டி விற்கலாம் என்று தேடினார்கள். தைவானில் ஒரு தொழிற்சாலை, ராணிப்பேட்டையில் எங்கள் தொழிற்சாலை, இரண்டில் ஒன்று என்று வந்து நின்றது. அதுவரை பம்புசெட் செய்துகொண்டிருந்த நாங்கள், அவர்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து மாதிரிக்கு ஒரு டிராக்டரைச் செய்தோம். சமவெளியில் அது நன்றாகவே ஓடியது. மலைச்சரிவில் உழுது காட்டுங்கள், அப்புறம் ஆர்டரைப் பற்றிப் பேசலாம் என்றார் ஹயாஷி.

நான் அங்கே டைப்பிஸ்ட். ஜப்பான்காரர்களோடு பேச்சு தொடங்கியபோது மொழி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று முதலாளிக்குத் தோன்றியது. அலுவலகத்தில் இருந்த மற்ற இருவரும் சனிக்கிழமை சினிமாவை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்றார்கள். ஆகவே சனிக்கிழமைதோறும் சென்னைக்குப் பஸ் ஏறி ஜப்பானிய மொழி வகுப்பில் உட்கார்ந்தவள் நான். நான் பேசுவதைக் கேட்டு ஹயாஷி சிரிக்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை. பேருக்குப் பின்னால் ஒட்டும் 'சான்' என்பது அவர்கள் ஊர் 'ங்க' என்று தெரிந்துகொண்டால் இந்தக் கட்டுரைக்குப் போதும்.

மாதிரிக்கென்று அந்த டிராக்டரைச் செய்த கொட்டகைக்கு ஃபோர்மேன் எங்கள் வீட்டுக்காரர். பம்புசெட் வியாபாரம் படுத்துக் கிடந்தது. டிராக்டர் ஆர்டர் வராவிட்டால் கொட்டகையை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்காரரின் பாஸ்போர்ட் ஏற்கெனவே வேலூரில் ஒரு ஏஜென்ட்டின் மேஜையில் இருந்தது. மஸ்கட்டில் மெக்கானிக் வேலை. மலையிலிருந்து இறங்கியதும் வருகிறேன் அல்லது வரவில்லை என்று ஏஜென்ட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவிலேயே சில வீடுகளில் புருஷன்மார் வளைகுடாவில் இருந்தார்கள். டேப் ரெக்கார்டர் வரும், சேலை வரும், கேசட்டில் பதிந்த குரல் வரும். குரல் சொல்வதற்கெல்லாம் அந்தப் பெண்கள் தலையாட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கேசட் புருஷன் எனக்கு வேண்டாம். வேலை எங்களைத் தேடி இங்கே வரட்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. நானும் தொழிற்சாலையில் 'ஃபோர்மேன்' என்று சொல்லியே சமாளித்து வந்தவள். ஹயாஷியிடம் அது எடுபடவில்லை. ஃபோர்மேன் என்பது வேலை, ஆளின் பெயர் என்ன என்று கேட்டார். ஜப்பானிய மொழியில் சொன்னால் கணக்கில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, "சம்பத் சான்" என்றேன். பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரர் காதைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

முதல் நாள் நாங்கள் ஜீப்பிலும் டிராக்டரை ஏற்றிய லாரியிலுமாகக் கிளம்பினோம். கணியம்பாடி தாண்டும்வரை ஹயாஷி ஜன்னலுக்கு வெளியே எதைப் பார்த்தாலும் பெயர் கேட்டார். அவரை, துவரை, புளியமரம், ஆமணக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆமணக்குக்கு ஜப்பானிய மொழியில் என்ன என்று அவர் சொன்னதை அப்போதே மறந்துவிட்டேன். ஜீப் டிரைவர் மாடுகளுக்கு ஹாரன் அடிப்பதும், மாடுகள் அவரைச் சட்டை செய்யாததும் ஹயாஷிக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் ஊரில் எல்லோரும் ஹாரனுக்குக் கீழ்ப்படிவார்கள், அதனால் யாரும் அடிப்பதில்லை என்றார்.

போளூரில் நாஸ்தா. இட்லியை அவர் இரண்டு குச்சிகளால் தூக்கிச் சாப்பிட முயன்றதைப் பார்க்க ஓட்டல் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. சாம்பாரில் கிடந்த மிளகாயைக் கடித்ததும் அவர் கண்ணில் தண்ணீர். சர்வர் பதறிப்போய் சர்க்கரை டப்பாவையே எடுத்து வந்து வைத்தார். "பாவம், இன்னாத்துக்கு இம்மாந்தூரம் வந்து கஷ்டப்படறாரு?" என்று என்னைக் கேட்டார். டிராக்டர் பார்க்க வந்திருக்கிறார் என்றேன். "அதான் இங்க தெனமும் பத்து போவுதே, சும்மா குந்திக்கினே பாக்கலாமே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மலைப்பாதையில் லாரி மூன்று இடங்களில் கொதித்தது. மூன்றாவது இடத்தில், விறகுக்கட்டோடு இறங்கி வந்த பெண்கள் தங்கள் குடிதண்ணீரைக் கொடுத்தார்கள். நெல்லிவாசல்நாட்டில் ரோடு முடிந்து மண்தடம் தொடங்கும் இடத்தில், லாரிக்காரர் இனிமேல் ஒரு அடிகூட முடியாது என்று கையை விரித்தார். பலகை போட்டு டிராக்டரை இறக்கினோம். எங்கள் வீட்டுக்காரர் ஏறி உட்கார்ந்தார். அவர் நெடிய ஆள். ஜப்பான் படத்தில் இருந்தபடி இருக்கையை வைத்தபோது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது என்று கொட்டகையில் அதை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். ராணிப்பேட்டையில் இதைப் பார்த்த ஹயாஷி, அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "உங்கள் ஊர்க் கால் நீளம்" என்று சிரித்துத் தலையாட்டியிருந்தார்.

எங்களுக்கு நிலம் தருவதாகச் சொல்லியிருந்தவர் வெள்ளையன். அவர் மனைவி காளியம்மா. போன மாதமே எங்கள் வீட்டுக்காரர் மலைக்கு வந்து இவர்களிடம் பேசிவிட்டுப் போயிருந்தார். முதலில் ஊர்ப் பக்கத்துக் கரடுமுரடான தரிசில் ஓட்டிப் பார்ப்பது, அது சரியாக வந்தால் வெள்ளையனின் சாமை நிலத்தை உழுது கொடுப்பது என்று பேச்சு.

அன்று சாயந்திரம் காளியம்மா சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் வைத்தார். ஹயாஷி ஒரு வாய் எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். காரம்தான் போலிருக்கிறது என்று நான் தண்ணீரை நீட்டினேன். அவர் தலையை ஆட்டி மெதுவாகப் பேசினார். போர் முடிந்த வருஷங்களில் அவர்கள் வீட்டில் அரிசி இல்லை, இப்படிச் சிறுதானியம்தான், வளர்ந்து வேலைக்குப் போனால் இதை இனி வாயில் வைக்க மாட்டேன் என்று தம்பியோடு சேர்ந்து சபதம் போட்டிருந்தாராம்.

நான் தமிழில் சொன்னதும் காளியம்மா சட்டியை இழுத்துக்கொண்டார். "அப்பிடின்னா வேணாங்க. கெழங்கு அவிச்சித் தர்றேன்."

ஹயாஷி தட்டை நீட்டினார். குழம்போடு இது வேறு சாப்பாடு என்றார். இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார், அவருடைய தம்பி எனக்குத் தெரிந்தவர் மாதிரி.

இரண்டாம் நாள் தரிசுச் சரிவில் சோதனை. ஊரே திரண்டு வந்தது. கலப்பையை மாட்டி, எங்கள் வீட்டுக்காரர் மேட்டைப் பார்த்து வண்டியைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனது. சரிவு ஏற ஏற, மண்ணைக் கிழித்த கலப்பை பின்னால் இழுக்க, டிராக்டரின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழும்பின. கன்று முன்னங்காலைத் தூக்கியது போல வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. இன்னும் கொஞ்சம் தூக்கினால் அவர் மேலேயே மல்லாந்துவிடும்.

"சம்பத்து!" என்று யாரோ கத்தினார்கள். கத்தியது நான்தான்.

அவர் கிளட்சை மிதித்தார். சக்கரங்கள் தொப்பென்று தரையில் விழுந்தன. அதன் பிறகு வேகத்தைக் குறைத்தார்கள், கலப்பையின் ஆழத்தைக் குறைத்தார்கள், குறுக்காக ஓட்டினார்கள். மேட்டைப் பார்த்துத் திருப்பினால் மறுபடி மூக்கு எழும்பியது. முன்னால் பாரம் கட்டினால் என்ன என்று எங்கள் வீட்டுக்காரர் கேட்டதை மொழிபெயர்த்தேன். பாரம் கட்டினால் ஈர மண்ணில் புதையும், கனமில்லாமல் இருக்க வேண்டும் என்றுதானே இதை வரைந்தோம் என்றார் ஹயாஷி. பிறகு கையுறையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். கையுறையை மடித்தால் அவருக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம்.

"உங்கள் ஆட்கள் நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் சரிவில் ஏறாத வண்டியை நான் வாங்க முடியாது. அடுத்த மாதம் தைவான் மாதிரியைப் பார்க்கிறேன்." இதை நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளர் வேலையில் இது ஒரு கொடுமை. கெட்ட சேதி முதலில் நம் காதுக்கு வரும், பிறகு நம் வாயாலேயே போக வேண்டும்.

அவர் டிராக்டரை ஓரமாக நிறுத்திவிட்டுச் சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணை ஒரு குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்துத்தானா மழை பிடிக்க வேண்டும்? எல்லோரும் வெள்ளையன் வீட்டுக்குள் ஓடினோம்.

"மஸ்கட்டுல வெயிலு ஜாஸ்தியாம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர், தலையைத் துவட்டிக்கொண்டே.

"இருக்கட்டும்."

"ரெண்டு வருசம்தான். அப்பால வந்துட்றேன்."

"எதிர் வூட்டுக்காரரும் ரெண்டு வருசம்னுதான் போனாரு. அவுரு புள்ள அவுரப் பாத்து மாமான்னு கூப்புடுது."

எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், பேச்சை மாற்றினார். "சரிவுல இன்னாமோ சொல்லிக் கூப்ட்டியே. இன்னொரு தபா கூப்புடு, கேக்கலாம்."

"அது பயத்துல வந்தது. கணக்குல சேராது."

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்திருந்தது. மண் நனைந்து கருத்துக் கிடந்தது. ஜீப்பில் மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தோம். வெள்ளையன் வந்து டிராக்டருக்குப் பக்கத்தில் நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தார், டிராக்டரைப் பார்த்தார், மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

காளியம்மாதான் சொன்னார். "மாட்ட பொண்ணு வூட்டுக்கு அனுப்சிட்டோங்க. ரெண்டு மலைக்கு அந்தாண்ட. நீங்க உழுது குடுக்கறேன்னு சொன்னீங்களே, பொண்ணு வூட்டு நெலமாவது மாட்டுல ஆவட்டும்னு. இப்ப ஓட்டிக்கினு வர்றதுக்குள்ள ஈரம் போய்டும்."

மலையில் சாமை விதைப்புக்கு இந்த முதல் ஈரத்தைத்தான் நம்பியிருப்பார்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த மழை எப்போது வருமோ. எங்கள் வீட்டுக்காரர் மூட்டையை ஜீப்பிலிருந்து கீழே இறக்கினார்.

"ஏங்க, நேத்து பாத்தீங்கல்ல? மேல வுழுந்தா இன்னா ஆவறது?"

"உழுது தர்றேன்னு சொன்னது நானு. கம்பேனி இல்ல, ஜப்பான் இல்ல. மேட்டுல ஏறலன்னா குறுக்கால ஓட்றேன். ஆன மட்டும் பாக்கறேன்."

ஹயாஷியிடம் அனுமதி கேட்டேன். சோதனை முடிந்துவிட்டது, டிராக்டர் உங்கள் தொழிற்சாலையுடையது, ஆனால் ஜாக்கிரதை என்றார். அவரும் எங்களோடு நடந்து வந்தார்.

நிலத்து ஓரத்தில் காளியம்மா மறித்துக்கொண்டார். "செருப்ப கழட்டுங்க. அப்பறம், இதுமேல குந்திக்கினு உள்ள வரக்கூடாது."

எங்கள் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. "குந்தாம எப்பிடிம்மா ஓட்றது?"

"மொத ஏரு போடறப்ப உழுவறவன் காலு மண்ணுல படணும். குந்திக்கினு போறவன் நெலத்துக்கு விருந்தாளி. விருந்தாளிய நம்பி நான் எப்பிடி வெதைய போடறது? நாளைக்கி நீ குந்திக்கினு ஓட்டு, படுத்துக்கினு ஓட்டு, யாரும் கேக்க மாட்டோம். இன்னிக்கி நடந்துதான் ஆவணும்."

வெள்ளையன் ஒத்தாசைக்கு வருவார் என்று பார்த்தோம். அவர் காளியம்மா சொன்னது சரிதான் என்பது போல நின்றார். செருப்பு விஷயத்தை நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் ஹயாஷி ஷூவையும் காலுறையையும் கழற்றி வரப்பில் ஜோடியாக வைத்திருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்குள்ளேயே இப்படித்தான், இதில் விளக்க என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் டிராக்டரைச் சுற்றி வந்தார். பிறகு ஏறி, இருப்பதிலேயே மெதுவான கியரைப் போட்டு, கைத்தண்டால் வேகத்தைக் குறைத்து வைத்துவிட்டு, வண்டி நகர ஆரம்பித்ததும் பக்கவாட்டில் கீழே இறங்கினார். ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்குப் பக்கத்தில் நடப்பது போல வண்டியோடு நடந்தார்.

ஹயாஷி பதறிவிட்டார். ஆள் இல்லாத இருக்கையோடு வண்டி ஓடுவது மகா தவறு, எங்கள் தொழிற்சாலையில் இப்படிச் செய்தவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்று மூச்சுவிடாமல் பேசினார். 

"பாத்துப் போவச் சொல்றாரு" என்று நான் கத்தினேன்.

"அம்மாம் நேரம் பேசினதுக்கு இவ்ளோதானா?" என்று அவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

வண்டி சரிவை நெருங்கியது. குறுக்காகத் திருப்புவார் என்று எதிர்பார்த்தேன். நடந்து போகிறவருக்கு என்ன தைரியமோ, மூக்கு எழும்பினால் விலகிக்கொள்ளலாம் என்று நினைத்தாரோ, நேரே மேட்டைப் பார்த்து வண்டியை விட்டார். கலப்பை மண்ணைப் புரட்டியது. வண்டி ஏறியது. இன்னும் ஏறியது. முன்சக்கரங்கள் தரையிலேயே இருந்தன. மேட்டின் உச்சி வரை போய், நின்றது.

வெள்ளையன் விதைக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். அவருக்கு வேலை தொடங்கிவிட்டது.

ஹயாஷி வெறுங்காலோடு உழவுசாலுக்குள் இறங்கினார். முட்டி போட்டார். முன்சக்கரம் போன தடத்தைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே சரிவில் ஏறினார். ஈர மண்ணில் அந்தத் தடம் அடியிலிருந்து உச்சிவரை எங்கும் விட்டுப்போகாமல் பதிந்திருந்தது. மேலே போய்ச் சேர்ந்தபோது அவருடைய மடிப்புக் கலையாத கால்சட்டை முழங்கால் வரை சேறு. டிராக்டருக்குப் பக்கத்தில் நின்று காலியான இருக்கையையே பார்த்தார். அப்புறம் எங்கள் வீட்டுக்காரரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"சம்பத் சான் எவ்வளவு எடை?"

நான் கேட்டேன். "இவுருக்கு இன்னாத்துக்கு அது?" என்றார் எங்கள் வீட்டுக்காரர். கேட்டு முடித்த வாய் அப்படியே நின்றது. அவரும் இருக்கையைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கிவிட்டது. எனக்குத்தான் யாராவது சொல்ல வேண்டியிருந்தது.

இருக்கையை ஒரு சாண் பின்னால் தள்ளியதில், உட்கார்ந்தவரின் பாரம் பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. சமவெளியில் அது தெரியவில்லை. மேட்டில் கலப்பையும் அவருமாகச் சேர்ந்து வண்டியைப் பின்னால் சாய்த்திருக்கிறார்கள். அவர் இறங்கி நடந்ததும் வண்டி தன் பாட்டுக்கு ஏறிவிட்டது. நெட்டைக் காலுக்காகச் செய்த வசதி, நெட்டைக் காலையே கவிழ்க்கப் பார்த்திருக்கிறது.

வெள்ளையனின் நிலம் முழுவதையும் எங்கள் வீட்டுக்காரர் நடந்தே உழுதார். உழுது முடிக்கும்வரை ஹயாஷி பொறுமையாக வரப்பில் நின்றார். நடுவில் ஒருமுறை, தானும் கொஞ்சம் பிடித்து நடக்கலாமா என்று காளியம்மாவைக் கேட்கச் சொன்னார். "கால்ல செருப்பு இல்லியே, நடக்கட்டும்" என்றார் காளியம்மா. ஜப்பான்காரர் ஒரு சால் உழுதார். கோணல்மாணலாகத்தான் வந்தது. வெள்ளையன் அதிலும் சேர்த்தே விதைத்தார்.

மத்தியானம் இருக்கையைக் கழற்றி, ஒரு சாண் முன்னால், ஜப்பான் படத்தில் இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினார்கள். முந்தின நாள் தோற்ற அதே தரிசுச் சரிவு. எங்கள் வீட்டுக்காரர் முழங்கால்களை இரண்டு பக்கமும் அகட்டிக்கொண்டு, பார்க்கவே சிரிப்பாக, ஏறி உட்கார்ந்தார். மழையில் ஊறிய தரிசில் கலப்பை நன்றாகவே இறங்கியது. நான் ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்சக்கரம் எழும்பவில்லை. உச்சிக்குப் போய் வண்டியைத் திருப்பிக்கொண்டு இறங்கி, இன்னொரு முறையும் ஏறிக் காட்டினார். இறங்கி வந்ததும் இரண்டு முழங்காலையும் தேய்த்துக்கொண்டார். தோல் வழன்றிருந்தது.

"இப்பிடி குந்தி எவனும் வேல செய்ய மாட்டான். கால் வெக்கிற தகட்ட நாலு வெரக்கட எறக்கிட்டா முட்டி இடிக்காது. நம்ம கொட்டாயிலயே பண்ணிடலாம். கேளு."

கேட்டேன். ஹயாஷி யோசிப்பதாகச் சொன்னார். அவர்கள் மொழியில் யோசிக்கிறேன் என்றால் முடியாது என்று அர்த்தம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இதை நான் எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. மொழிபெயர்த்தது 'யோசிக்கிறாராம்' என்ற வார்த்தையை மட்டும்தான். கீழே இறங்கும்வரை அந்த அர்த்தத்தை நான் ஒருத்தியே சுமந்தேன்.

நான்காம் நாள் கிளம்பும்போது காளியம்மா ஹயாஷிக்கு ஒரு பெரிய புளி உருண்டையைக் கொடுத்தார். மிட்டாய் என்று நினைத்து அவர் அப்படியே கடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, அதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசாத வெள்ளையன் விழுந்து விழுந்து சிரித்தார். ஹயாஷியும் சிரித்தார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

இறக்கத்தில் லாரி கொதிக்கவில்லை. அதற்குப் பதில் ஜீப் பஞ்சரானது. ஸ்டெப்னியிலும் காற்றில்லை. டிரைவர் அதைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, எதிரே வந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார். நாங்கள் ஒரு பாறை மேல் உட்கார்ந்தோம். ஓசாக்காவில் பஞ்சரானால் எத்தனை நிமிஷத்தில் ஆள் வருவார் என்று ஹயாஷி பெருமையாகச் சொல்லத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டு, ஆனால் அங்கே உட்கார இப்படி ஒரு பாறை இல்லை என்று முடித்தார்.

போளூரில் டீ குடிக்க நின்றோம். நாஸ்தா கொடுத்த அதே சர்வர் கேட்பதற்கு முன்பே சர்க்கரை டப்பாவோடு வந்தார். ஹயாஷி டீயைக் கீழே வைத்தார். பைக்குள்ளிருந்து வெள்ளைக் கையுறையை எடுத்து மடிப்பைப் பிரித்தார். போட்டுக்கொள்ளவில்லை, சும்மா பிரித்து மேஜைமேல் வைத்தார்.

"சம்பத் சானிடம் சொல்லுங்கள். தைவானில் நல்ல எந்திரங்கள் இருக்கின்றன. எங்கள் படத்தில் உள்ளதை உள்ளபடி செய்வார்கள். ஆனால் இருக்கை ஏன் படத்தில் உள்ள இடத்திலேயே இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது இந்த மலையில். கால் தகடு எங்கே இருக்க வேண்டும் என்று சொன்னவர் இவர். படத்தைத் திருத்தி அனுப்புகிறேன். ராணிப்பேட்டையிலேயே செய்யுங்கள். முதலில் செய்யும் ஐந்து வண்டிகளும் அந்தச் சரிவில் ஏற வேண்டும். அதைப் பார்க்க நான் வருவேன்."

ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். 'ராணிப்பேட்டையிலேயே' என்ற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. சர்வர்தான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

எங்கள் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஹயாஷியைப் பார்த்துத் தலையை ஒருமுறை தாழ்த்தினார். அவர்கள் ஊர் வழக்கத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "நேரா வேலூரு போய்ட்டு, அப்பால வூட்டுக்குப் போலாம்" என்றார்.

ஹயாஷியைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டு ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒரு மாடி. படி முழுக்க ஆட்கள், எல்லோர் கையிலும் ஒரு பை, எல்லோர் முகத்திலும் ஒரே களைப்பு. எங்கள் முறை வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலை நிமிராமல் பாஸ்போர்ட் கட்டைப் பிரித்தார்.

"பேரு இன்னாம்மா?"

எனக்குப் பழக்கமான வார்த்தைகளெல்லாம் வாய்க்கு வந்தன: வீட்டுக்காரர், ஃபோர்மேன், எங்க அவரு. பக்கத்தில் அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். இந்தத் தடவை பயத்தில் வரவில்லை.

"சம்பத்து" என்றேன், நல்ல தமிழில், படியில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி. "சம்பத்து மஸ்கட்டுக்கு வரல. பாஸ்போர்ட்ட குடுங்க."